அனுமதியா, அடகுச் சீட்டா?

தருமபுரி ஜில்லா ஜனங்களுக்குக் கடன் புதிதல்ல. மழை பொய்த்தால் கடன். மழை பெய்தால் விதைக்கும் உரத்துக்கும் கடன். பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்தால் கடன். அரூரில் மரவள்ளியை வாங்க ஆளில்லாமல் போனால் கடன். பெண்ணாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் பழைய கடனை அடைக்கத்தான் ஏறுகிறார்கள். எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கும் வட்டிக்காரனையும், ரேஷன் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வட்டிக்காரனையும் நமக்கு நன்றாகத் தெரியும். அவன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியும். நாலு பேர் திரண்டு போய் அவன் வாசலில் நின்று நியாயம் கேட்டதும் உண்டு.

இப்போது வந்திருக்கும் வட்டிக்காரனுக்கு வாசலே இல்லை. அவன் செல்போனுக்குள் குடியிருக்கிறான். அவன் புரோநோட்டு கேட்பதில்லை. ‘அனுமதி’ கேட்கிறான்.

‘கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா? போனில் உள்ள படங்களையும் கோப்புகளையும் பார்க்க அனுமதிக்கிறீர்களா? தொடர்பு எண்களைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?’ எவ்வளவு மரியாதையான கேள்விகள்! கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும் விருந்தாளியைப் போல அல்லவா கேட்கிறான்! ஆனால் ‘சரி’ என்று அழுத்திய அடுத்த நிமிஷமே வீட்டுக்குள் புகுந்து, பெட்டியைத் திறந்து, குடும்பப் படங்களை அள்ளிக்கொண்டு, சொந்தபந்தங்களின் எண்களையும் எழுதிக்கொண்டு போய்விடுகிறான். ‘அனுமதி’ என்ற சொல்லுக்குள் நடக்கும் இந்தப் பகற்கொள்ளையை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நியாயப்படுத்திப் பேசும் கனவான்களுக்குப் பதிலும் சொல்ல வேண்டும்.

ஒரு தாயின் கணக்கு

சில மாதங்களுக்கு முன் பெண்ணாகரம் வட்டாரத்திலிருந்து ஒரு பெண் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது, கையில் காசில்லை. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து மகனே ஒரு கடன் செயலியை இறக்கித் தந்தான். கடன் ரூ. 5,000. கைக்கு வந்ததோ ரூ. 3,200. மீதி ரூ. 1,800 ‘பிராசசிங் கட்டணம்’ என்ற பெயரில் முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. ஏழாம் நாள் முழுசாக ரூ. 5,000 கட்டிவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,200 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,800 ரூபாய். நூற்றுக்கு வாரம் 56 ரூபாய் வட்டி! நம்மூர் மீட்டர் வட்டிக்காரன் கூட இதைக் கேட்டால் வாயைப் பிளப்பான்.

ஏழாம் நாள் பணம் புரளவில்லை. எட்டாம் நாள் காலையில் அவருடைய அண்ணனின் போனுக்கு ஒரு படம் போயிற்று. திருவிழாவில் எடுத்த படத்திலிருந்து அந்தத் தாயின் முகத்தை வெட்டி, ஆபாசமான வேறொரு உடலில் ஒட்டி, கீழே ‘திருடி’ என்று எழுதியிருந்தார்கள். மகனுடைய ஆசிரியருக்கும் அதே படம். மகளிர் குழுவில் உள்ள பெண்களுக்கும் அதே படம்.

“அண்ணா, பணம் தர மாட்டேன்னு நான் சொல்லல. ரெண்டு நாள் தவணைதான் கேட்டேன். என் போட்டோ அவங்க கைக்கு எப்படிப் போச்சு? நான் யாருக்கும் கொடுக்கலையே!” என்று அவர் அழுதார். பக்கத்தில் தலை குனிந்து நின்ற பையன், “நான்தான் எல்லாத்துக்கும் ‘அலோ’ அழுத்தினேன்” என்றான்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. 2020 டிசம்பரில் தெலங்கானாவில் இத்தகைய செயலிக்காரர்களின் மிரட்டல் தாங்காமல் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்ட பிறகுதான் நாடு விழித்தது. ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு செயற்குழுவை நியமித்தது. அந்தக் குழு 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதத்தில் பார்த்தபோது இந்தியாவில் கிடைத்த கடன் செயலிகள் சுமார் 1,100. அவற்றில் 600 சட்ட விரோதமானவை! பாதிக்கு மேல் திருட்டுக் கடைகள். சந்தையில் பாதிக் கடைகள் திருட்டுக் கடைகளாக இருந்தால் அதைச் சந்தை என்று சொல்வோமா?

‘யார் அழுத்தச் சொன்னது?’

இனி வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம் இது: “படித்துப் பார்க்காமல் ஏன் அழுத்தினார்கள்? செயலி கேட்டது, இவர்கள் கொடுத்தார்கள். சம்மதித்துவிட்டுப் பிறகு அழுவதா?”

நாம் கேட்கிறோம்: அழுத்தாமல் விட்டால் அந்தச் செயலி திறந்ததா? இல்லை. எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றால் கடன். ஒன்றுக்கு ‘வேண்டாம்’ என்றாலும் கதவு மூடிவிடும். ஒரு பக்கம் மகனின் படிப்பு. மறுபக்கம் ஒரு பொத்தான். இதில் எங்கே இருக்கிறது சம்மதம்? பாதி ராத்திரியில் பிரசவ வலியில் துடிக்கும் மனைவியை வைத்துக்கொண்டு, வட்டிக்காரன் நீட்டிய வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவனிடம் போய், ‘நீயாகத்தானே வைத்தாய்?’ என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் போட்ட 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டமே நிர்ப்பந்தத்தாலும், தகாத செல்வாக்காலும், ஏமாற்றாலும் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதமல்ல என்கிறது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ‘உன் பாட்டன் ஏன் கைநாட்டு வைத்தான்?’ என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கொத்தடிமைக் கடனையே ரத்து செய்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல. கடன் வாங்கியவளுக்கும் அது உண்டு.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மருத்துவ ஆலோசனை தரும் ஒரு செயலி, நோயாளியின் தொடர்பு எண்களையும் கேட்கிறது. அவரும் சரி என்று அழுத்திவிடுகிறார். மருத்துவத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அவற்றுக்குச் செல்லாது என்கிறது சட்டம். அதாவது, தேவையில்லாததைக் கேட்டு வாங்கிய ‘அனுமதி’ அனுமதியே அல்ல! இதை ஏட்டில் எழுதி வைத்தவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்த அழகைப் பாருங்கள். சட்டம் 2023 ஆகஸ்டில். விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். கம்பெனிகள் தங்கள் முக்கியக் கடமைகளை நிறைவேற்ற அதற்கு மேல் பதினெட்டு மாதத் தவணை. கடன் வாங்கிய ஏழைக்கு ஏழு நாள் தவணை. கம்பெனிக்குப் பதினெட்டு மாதம்!

பெட்டிச் சாவி எதற்கு?

இரண்டாவது வாதம் கொஞ்சம் படித்தவர்களின் வாதம். “ஆளை அடையாளம் காணக் கேமரா வேண்டாமா? ஆதாரை அனுப்பக் கோப்பைப் பார்க்க வேண்டாமா? இதெல்லாம் தொழில்நுட்பத் தேவை” என்கிறார்கள்.

நாம் என்ஜினீயர்கள் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். ஆனால் நமது ஜில்லாவிலிருந்து போய்ப் பெங்களூரில் செயலி எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டோம். அவர்கள் சொன்ன விவரம் இந்த வாதத்தை அடியோடு தகர்த்துவிடுகிறது.

கிராம நிர்வாக அதிகாரியிடம் பட்டா நகல் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு போகிறோம். அவர், ‘காகிதம் வேண்டாம், பெட்டிச் சாவியைக் கொடு. வேண்டியதை நானே பார்த்து எடுத்துக்கொள்கிறேன். சாவியும் என்னிடமே இருக்கட்டும்’ என்றால் என்ன செய்வோம்? சும்மா விடுவோமா?

ஆண்ட்ராய்டு போனில் ஒரு காலத்தில் பெட்டிச் சாவிதான் வழக்கமாக இருந்தது. செயலியை இறக்கும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. 2019-இல் வந்த பத்தாம் பதிப்பு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கிடங்கை ஒதுக்கியது. அடுத்தவன் கிடங்கில் கை வைப்பதைக் கட்டுப்படுத்தியது. 2020-இல் வந்த பதினோராம் பதிப்பில், ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று கேமராவுக்கு அனுமதி தரலாம் என்றானது. 2022-இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு, போனே படங்களை வரிசையாகக் காட்டி, நாம் தொட்ட படத்தை மட்டும் செயலியிடம் தரும் வசதியோடு வந்தது. மற்றப் படங்கள் செயலியின் கண்ணிலேயே படா. 2023-இன் பதினான்காம் பதிப்பில், முழு அனுமதி கேட்கும் செயலிக்குக் கூட ‘இந்தப் படங்கள் மட்டும்’ என்று வரம்பு கட்டலாம்.

இன்னும் கேளுங்கள். போனில் ஏற்கெனவே உள்ள கேமராவைக் கூப்பிட்டு ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னால், செயலிக்குத் தனியாகக் கேமரா அனுமதியே வேண்டியதில்லை. ஆதார் நகல் ஒன்றை வாங்கப் போனின் கிடங்கு முழுவதையும் திறக்க வேண்டியதில்லை. நேர்மையாகச் செயலி எழுத நினைப்பவனுக்கு வழி நன்றாகவே இருக்கிறது. பிறகு ஏன் சாவி கேட்கிறான்?

ஒவ்வொரு செயலிக்கும் ‘மேனிஃபெஸ்ட்’ என்றொரு அறிக்கைத் தாள் உண்டு. இன்னின்ன அனுமதி கேட்பேன் என்று செயலியை எழுதுகிறவர் அதில் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். எழுதி வைக்காத அனுமதியைச் செயலி கேட்கவே முடியாது. பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொரு மேனிஃபெஸ்டோ நினைவுக்கு வரும். இது அதுவல்ல; இது வட்டி மூலதனத்தின் மேனிஃபெஸ்ட்! ‘படங்களை எடுப்பேன், எண்களை எடுப்பேன்’ என்று கடனுக்கு ஆள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறார்கள். கை தவறி நடந்த காரியமல்ல, திட்டமிட்ட காரியம்.

ரிசர்வ் வங்கியே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2022 செப்டம்பர் 2 அன்று அது வெளியிட்ட நெறிமுறை என்ன சொல்கிறது? கடன் செயலிகள் போனில் உள்ள கோப்புகளையும் படங்களையும், தொடர்புப் பட்டியலையும், அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது. ஆளைச் சரிபார்க்க மட்டும் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை, கடன் வாங்குகிறவரின் வெளிப்படையான சம்மதத்தோடு ஒரே ஒரு தடவை பயன்படுத்தலாம். கூகுள் கம்பெனியும் 2023 மே 31 முதல் தன் கடையில் உள்ள தனிநபர் கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு எண்களையும் தொடக்கூடாது என்று விதி செய்தது. தேவை என்றால் தடை செய்வார்களா? தேவையில்லை என்பதால்தானே தடை! ‘தொழில்நுட்பத் தேவை’ என்று இனியும் பேசுகிறவர்கள் ரிசர்வ் வங்கிக்குப் பாடம் நடத்தட்டும்.

திருப்பித் தராத அடகு

அப்படியானால் எதற்காக எடுத்தார்கள்? இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது.

காணி நிலமில்லாதவனிடம், கழுத்தில் குண்டுமணித் தங்கமில்லாதவளிடம் வட்டிக்காரன் எதை அடகு கேட்பான்? மானத்தைக் கேட்கிறான். போனில் இருக்கும் மகளின் படம், மருமகளின் சீமந்தப் படம், தம்பியின் எண், வாத்தியாரின் எண், வேலை கொடுக்கும் மேஸ்திரியின் எண் எல்லாமே அவனுக்கு அடகுப் பொருள். ‘அனுமதி’ என்பது அந்த அடகுக் கடையின் சீட்டு.

நம்மூர் அடகுக் கடையில் கூட ஒரு கணக்கு உண்டு. நகையை எடை போடுவான், சீட்டுத் தருவான், முதலும் வட்டியும் கட்டினால் நகையைத் திருப்பித் தருவான். இந்தக் கடையில் எடை இல்லை, சீட்டு இல்லை, திருப்பித் தருவதும் இல்லை. கடனை அடைத்த பிறகும் படம் அவனிடமே இருக்கிறது. ஒரு முறை நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டால், நாம் போனிலிருந்து செயலியை அழித்தாலும் அவன் கம்ப்யூட்டரில் உள்ளது அழியாது. தெலங்கானாப் போராட்டக் காலத்தில் விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கைப்பற்றிக் கொளுத்தினார்கள். இந்தப் பத்திரத்தைக் கொளுத்த முடியாது. அதனால்தான் அது எழுதப்படும் இடத்திலேயே, அந்த மேனிஃபெஸ்டிலேயே, தடுத்து நிறுத்த வேண்டும் என்கிறோம்.

எல்லாம் அந்நியன் சதியாம்!

மூன்றாவது வாதம் தேசபக்தி வேஷம் போட்டு வருகிறது. “இதெல்லாம் சீனாக்காரன் சதி, கள்ளச் செயலிகளின் வேலை. நம் நாட்டு நிறுவனங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்கிறார்கள்.

2021 ஜனவரியில் சென்னைப் போலீஸ் ஒரு கடன் செயலி வழக்கில் பெங்களூர் வரை போய்ப் பிடித்தபோது, கைதானவர்களில் சீனர்கள் இருவர் இருந்தது உண்மை. யார் கொள்ளையடித்தாலும் கொள்ளை கொள்ளைதான். பிடித்து உள்ளே போடட்டும். ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறதா? 2022 மே மாதத்தில் ஐந்து நிதி நிறுவனங்களின் பதிவுச் சான்றிதழை ரிசர்வ் வங்கி ரத்து செய்தது. செயலிகள் மூலம் கடன் கொடுத்ததில் நியாயமான நடைமுறைகளை மீறியதுதான் காரணம். இவை இந்த நாட்டில், ரிசர்வ் வங்கியிடமே பதிவு பெற்றிருந்த நிறுவனங்கள். லைசென்சு இங்கே, பணம் வசூலான வழி இங்கே, மிரட்டலுக்குக் கூலிக்கு அமர்த்திய இளைஞர்கள் இங்கே, செயலியைக் கடை விரித்து விற்ற அமெரிக்கக் கம்பெனி அதைவிடப் பெரிய இடம்!

அந்தக் கம்பெனி 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளையும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கும் மேற்பட்ட செயலிகளையும் தன் கடையிலிருந்து நீக்கியதாக மத்திய சர்க்காரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நல்லது. ஆனால் நாம் கேட்பது வேறு: இத்தனை ஆயிரம் செயலிகளை முதலில் கடையில் வைத்தது யார்? விஷப் பண்டத்தை விற்ற மளிகைக் கடைக்காரன், ‘பிறகு எடுத்துவிட்டேன்’ என்று சொன்னால் சட்டம் விட்டுவிடுமா?

பதிவு பெறாத கடன் தொழிலைத் தடை செய்யத் தனிச் சட்டம் வேண்டும் என்று செயற்குழு சொன்னது 2021-இல். மசோதாவின் நகலை மத்திய சர்க்கார் வெளியிட்டது 2024 டிசம்பரில். நகல் எழுத மூன்று வருடம்! இதற்கிடையில் எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் தலை குனிந்தார்கள்?

பழைய போனும் பாக்கிக் கூலியும்

மேலே சொன்ன பாதுகாப்புகள் எல்லாம் யாருக்குக் கிடைத்தன என்றும் பார்க்க வேண்டும். புதிய பதிப்பு புதிய போனில் வருகிறது. நல்லம்பள்ளியிலும் சித்தேரி மலையிலும் உள்ள உழைப்பாளி கையில் இருப்பது எது? மூத்த மகன் பயன்படுத்தி இளையவனுக்குக் கொடுத்து, கண்ணாடி கீறி, கடைசியில் தாய் கைக்கு வந்த போன். கம்பெனி அந்தப் போனுக்குப் புதிய பதிப்பு தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. பணக்காரனின் பெட்டிக்குப் புதுப் பூட்டு. ஏழையின் பெட்டிக்குப் பழைய தாழ்ப்பாள். கூகுள் கடையில் விதி கடுமையானதும் செயலிக்காரன் என்ன செய்கிறான்? வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பை அனுப்பி, கடைக்கு வெளியிலேயே செயலியை இறக்க வைக்கிறான். அங்கே எந்த விதியும் எட்டாது.

இந்த ஜனங்கள் ஏன் அவனிடம் போகிறார்கள்? சோம்பேறித்தனத்தாலா? ஊதாரித்தனத்தாலா? நூறு நாள் வேலைச் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று சொன்னது. நடந்ததென்ன? 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் தமிழகத்துக்குக் கூலிப் பணம் வரவில்லை. 2025 மார்ச்சில் பாக்கி ரூ. 4,034 கோடி என்று தமிழகமே திரண்டு கேட்க வேண்டியிருந்தது. பிறகு அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார்கள்! வேலை செய்தவளுக்குச் சர்க்கார் மாதக்கணக்கில் கடன்காரன். அவள் ஏழு நாள் தவறினால் திருடி! கூலி நாளோடு வந்திருந்தால் எத்தனையோ பேர் அந்தப் பொத்தானை அழுத்தியே இருக்க மாட்டார்கள். செயலி முதலாளி கொழுப்பது நமது பாக்கிக் கூலியின் மேல்தான்.

செயலி எழுதும் தம்பிகளுக்கு

பெங்களூரிலும் ஒசூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து செயலி எழுதும் தம்பி தங்கைகளே! உங்களில் பலர் கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். உங்கள் படிப்புக்கும் இதே கடன்தான் துணை நின்றது. மேலதிகாரி சொல்கிறான், நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்கள். அந்த ஒரு வரிதான் பெண்ணாகரத்துத் தாயின் பெட்டியைத் திறக்கும் சாவி என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள். கம்பெனியின் லாபத்துக்கு நீங்கள் முதலாளி அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால், ‘ஒரு படம் போதும், கிடங்கு முழுவதும் எதற்கு?’ என்று கேட்கும் அறிவு உங்களிடம்தான் இருக்கிறது. கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்றால் சேர்ந்து கேளுங்கள். படத்தை ஒரு தடவை வாங்கி, வேலை முடிந்ததும் அழிக்கும்படி எழுதுங்கள். அனுமதி மறுத்தவரை வெளியே தள்ளாமல் வேறு வழி காட்டும்படி எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்பதை அந்தத் தாய் படிக்கும் தமிழில் எழுதுங்கள். இதெல்லாம் செய்யக் கூடியதுதான் என்று நீங்களே நமக்குச் சொன்னீர்கள்.

வெட்கம் யாருக்கு?

இந்த வட்டிக்காரனின் ஒரே ஆயுதம் வெட்கம். ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும் என்ற பயத்தை நம்பித்தான் அவன் தொழில் நடக்கிறது. அந்த ஆயுதத்தை முறித்துப் போட்டவர்கள் நமது ஜில்லாவிலேயே இருக்கிறார்கள்.

1992 ஜூன் 20 அன்று அரூர் தாலுகா வாச்சாத்தியில் வனத்துறையும் போலீசும் ரெவின்யூ அதிகாரிகளும் படையாகப் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் அனுமதி கூடக் கேட்கவில்லை. இந்தப் பெண்கள் வெட்கப்பட்டு வாய் மூடிவிடுவார்கள் என்றே அதிகாரம் நினைத்தது. அவர்கள் மூடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் துணை நிற்க, கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி உண்மையைச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 

வெட்கப்பட வேண்டியவர் குற்றம் செய்தவரே, பாதிக்கப்பட்டவர் அல்ல என்பதை அந்தப் பெண்கள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

பெண்ணாகரத்திலிருந்து வந்த அந்தத் தாயிடமும் நாம் இதைத்தான் சொன்னோம். அவருடைய மகளிர் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஒன்றாக அவருடன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ‘படம் எங்களுக்கும் வந்தது. அது பொய் என்று எங்களுக்குத் தெரியும். நாங்களும் சாட்சி’ என்றார்கள். அன்று இரவு மிரட்டல் போன் வந்தபோது அவர் சொன்ன பதில்: “யாருக்கு வேணும்னாலும் அனுப்பிக்கோ. எல்லாரும் பார்த்தாச்சு, எல்லாரும் என் பக்கம்தான் நிக்கிறாங்க.” அதற்குப் பிறகு போன் வரவில்லை.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருவது இவை:

1. கடன் செயலி எதுவும் போனின் படங்களையும் கோப்புகளையும் தொடர்பு எண்களையும் தொடுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். பதிவு பெற்றவை, பெறாதவை என்ற பேதம் கூடாது.

2. இத்தகைய செயலியைக் கடையில் வைத்த கம்பெனியும் விளம்பரம் போட்டுக் காசு பார்த்த கம்பெனியும் குற்றத்தில் பங்காளிகளாகக் கருதப்பட வேண்டும்.

3. அனுமதி மறுத்தவருக்குச் சேவை மறுக்கக் கூடாது. அனுமதி கேட்கும் வாசகம் தமிழில், ஒரே வரியில், காரணத்தோடு இருக்க வேண்டும்.

4. கடன் வசூலில் பலாத்காரத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய மசோதாவின் நோக்கம் தாலுகா போலீஸ் ஸ்டேஷன் வரை எட்ட வேண்டும். புகார் கொடுக்க வருகிற பெண்ணை, ‘நீ ஏன் அழுத்தினாய்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும்.

5. கூட்டுறவு சங்கங்கள் மூலம் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் அவசரக் கடன் ஈடு இல்லாமல், இரண்டே நாளில் கிடைக்க வேண்டும். உழைத்த கூலி தவணை தவறாமல் வர வேண்டும்.

இவை நிறைவேறும் வரை நாம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நாள் கூடுங்கள். எல்லோர் போனையும் எடுத்து, ‘செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை ரத்து செய்யுங்கள். இணைப்பை அனுப்பி இறக்கச் சொல்லும் செயலியைத் தொடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் 2025 ஜூலை முதல் உள்ள கடன் செயலிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் அதை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள்.

நம் பெட்டியின் சாவி நம் இடுப்பில்தான் இருக்க வேண்டும். அதைப் பசியைக் காட்டிப் பறிக்கிறவன் எவனாக இருந்தாலும், அவன் கையை மடக்கிச் சாவியைத் திரும்ப வாங்குவோம்!